மிரண்டுபோன வாத்தைத் தேற்றுவது எப்படி?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நல அமர்வில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற மாதம் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினோம். அதற்கு முந்தைய மாதம் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் பற்றிப் பேசினோம். இந்த மாதத் தலைப்பைப் பலகையில் எழுதியதும் சிலர் சிரித்தார்கள். "வாத்துக்கு ஓர் உரையா?" என்று கேட்டார்கள். ஆம், வாத்துக்குத்தான். இந்தத் தலைப்பு நம் அலுவலகத்திற்கு வந்த ஒரு மருத்துவ உதவி விண்ணப்பத்திலிருந்து பிறந்தது.

ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி தம் 9 வயது மகனுக்காக விண்ணப்பம் கொடுத்தார். நோய் என்ற இடத்தில் "பையன் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை" என்று எழுதியிருந்தார். வாப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். விசாரித்தபோதுதான் விவரம் தெரிந்தது. அந்தப் பையன் குஞ்சிலிருந்து வளர்த்த மூன்று வாத்துகள் கொல்லையில் இருந்தன. ஒருநாள் ஃபஜ்ருக்கு முன் தெருநாய்கள் புகுந்து இரண்டைக் கொன்றுவிட்டன. மூன்றாவது, முதுகில் காயத்தோடு, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. இரை எடுக்கவில்லை. கிட்டே போனால் சுவரில் மோதிக்கொண்டது. "அறுத்துவிடலாமே" என்று வீட்டில் ஒருவர் சொல்ல, அன்றிலிருந்து பையனும் சோற்றைத் தொடவில்லை.

அறுப்பது ஹலால்தான். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பிழைக்கக்கூடிய ஒரு செல்லப் பிராணியை, அதை நேசிக்கும் பிள்ளையின் கண்முன்னே, தொல்லை தீர்ந்தால் போதும் என்று அறுப்பது வேறு விஷயம். எனவே கால்நடை மருத்துவரை அணுகினோம். அவர் சொன்னதையும், இந்த எட்டு வாரங்களில் கண்ணால் கண்டதையும், வாத்து வளர்ப்போரிடம் கேட்டறிந்ததையும் இன்று உங்கள் முன் வைக்கிறோம். நம் மஹல்லாவில் கொல்லை உள்ள வீடுகளில் வாத்தும் கோழியும் இல்லாத வீடு குறைவு. இது எல்லோருக்கும் ஒருநாள் தேவைப்படலாம்.

மார்க்கம் காட்டும் வழி

உலமாக்கள் முன்னிலையில் நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று சம்பவங்களை மட்டும் நினைவுபடுத்துகிறோம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர், சின்னஞ்சிறு பிள்ளை. அவர் விளையாடி வந்த சிறு குருவி இறந்து வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றியே அவரிடம் அன்பாகக் கேட்டார்கள். ஒரு குழந்தையின் துக்கத்தை, குருவிதானே என்று தள்ளவில்லை. இன்னொரு சமயம், குஞ்சுகளை எடுத்துவிட்டதால் பதறிச் சிறகடித்த ஒரு தாய்ப்பறவையைக் கண்டு, அதன் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவருக்குக் கிடைத்த மன்னிப்பை நாம் எல்லோரும் அறிவோம்.

இந்த மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. முதலாவதில் பிள்ளையின் மனவாட்டம், இரண்டாவதில் பறவையின் பதற்றம், மூன்றாவதில் உடலின் தாகம். உடல் நோவு மட்டுமல்ல, மன நோவும் கவனிக்கப்பட்டிருக்கிறது.

வாத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது?

வாத்து பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. ஓடுவது, நீரில் இறங்குவது, கூட்டத்தோடு சேர்ந்திருப்பது ஆகிய மூன்றுதான் அதற்குப் பாதுகாப்பு. பெரும் அச்சம் ஏற்படும்போது அதன் உடலில் கார்டிகோஸ்டிரோன் என்ற சுரப்பு அதிகரிக்கிறது. அந்த நேரத்தில் ஓடித் தப்ப அது உதவும். ஆனால் அச்சம் நாள்கணக்கில் நீடித்தால் அதே சுரப்பு செரிமானத்தையும் நோய் எதிர்ப்பையும் குறைக்கும். அதனால்தான் நாயிடம் தப்பிய வாத்து, காயம் சிறிதாக இருந்தும், நான்கு நாள் கழித்து இறந்துபோகிறது. "நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது" என்கிறோம். இரைப் பிராணிகள் நோவை வெளிக்காட்டுவதில்லை. காட்டினால் அடுத்த வேட்டைக்கு அதுவே இலக்காகும் என்பதால் அல்லாஹ் அவற்றை அப்படிப் படைத்திருக்கிறான்.

தூக்கத்திலும் வாத்து காவல் இருக்கிறது. 1999-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டு வாத்துகளை வரிசையாக உறங்க வைத்துக் கவனித்தார்கள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரு கண்களையும் மூடித் தூங்கின. ஓரத்தில் இருந்தவை வெளிப்பக்கக் கண்ணை அடிக்கடி திறந்தே வைத்து, மூளையின் ஒரு பாதி மட்டும் உறங்கும்படி தூங்கின. இதிலிருந்து நமக்குத் தெரிவது, துணையை இழந்து தனியாக நிற்கும் வாத்து எப்போதும் ஓரத்து வாத்துதான். அதற்கு நிம்மதியான தூக்கம் கிடைப்பதில்லை. தூக்கமில்லாத உயிர் எப்படித் தேறும்?

மிரட்சியின் அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மூலையில் ஒடுங்குதல், இறகை உப்ப வைத்துக்கொண்டு அசையாதிருத்தல், வெயில் இல்லாதபோதும் வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், வால் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குதல், இரை எடுக்காமை, இறகைக் கோதாமை, முட்டை நின்றுபோதல். எச்சம் கொஞ்சமாகவும் கரும்பச்சையாகவும் இருந்தால் வயிறு காலியாக இருக்கிறது, பித்தநீர் மட்டும் இறங்குகிறது என்று பொருள்.

நாய் கடிப்பது மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். கீரி, மரநாய், பூனை, பிள்ளைகள் கல்லெறிதல், சந்தையிலிருந்து காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு வருதல், பட்டாசு, ஒலிபெருக்கி எல்லாம் காரணமாகலாம். நம் வீட்டுத் திருமணங்களிலும் இப்போது சரவெடி வெடிக்கிறார்கள். அதையும் சேர்த்தே சொல்கிறோம். பெட்டை ஒன்றிரண்டு, ஆண் நான்கு என்று வைத்திருந்தால், ஓயாமல் விரட்டி ஏறியே பெட்டையின் கழுத்தையும் முதுகையும் புண்ணாக்கிவிடும். ஓர் ஆணுக்கு ஐந்தாறு பெட்டை என்பதே பண்ணையாளர்களின் கணக்கு.

முதல் ஒரு மணி நேரம்

முதலில் பிள்ளைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் விலக்குங்கள். ஒருவர் மட்டும் போக வேண்டும். காலையோ இறக்கையையோ பிடித்து இழுக்காதீர்கள். வாத்தின் கால் மெல்லியது, எளிதில் பிசகும். ஒரு பழைய துண்டை மேலே போர்த்தி, இறக்கைகள் உடலோடு ஒட்டியிருக்கும்படி இரு கைகளாலும் அணைத்துத் தூக்குங்கள்.

இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு, கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, அந்த நீரால் காயத்தைக் கழுவுங்கள். பொவிடோன் அயோடின் இருந்தால், பால் சேர்க்காத தேநீரின் நிறத்துக்குத் தண்ணீர் கலந்து தடவலாம். மஞ்சளைக் குழைத்து அப்புவது, எண்ணெய், மண்ணெண்ணெய் ஊற்றுவது வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு நீரைத் தடுக்கும் தன்மையை இழந்துவிடும். அப்பிய மஞ்சளுக்கு அடியில் சீழ் கட்டினாலும் தெரியாது.

நாய், பூனையின் பல் பட்ட காயம் வெளியே ஊசி குத்தியதுபோல் சிறிதாக இருக்கும், உள்ளே ஆழமாக இருக்கும். அவற்றின் வாயில் உள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். எனவே பல் பட்டது என்று தெரிந்தால் அன்றே கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

நம் வீட்டு மாத்திரைப் பெட்டியைத் திறக்காதீர்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரை பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து செலுத்தப்பட்ட மாடுகள் இறந்தபின், அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் நம் நாட்டில் கூட்டம் கூட்டமாக அழிந்தன. அதனால் 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதே தடை செய்யப்பட்டது. மருத்துவர் சொல்லாத மருந்து எதுவும் வேண்டாம்.

இன்னொன்று மிக முக்கியம். வாத்தைக் காப்பாற்றப் போனவரை நாய் கடித்திருந்தாலோ பிறாண்டியிருந்தாலோ, முதலில் அவரைக் கவனியுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாத்து.

முதல் மூன்று நாட்கள்

இந்த நாட்களில் வாத்துக்குத் தேவை மருந்தைவிட அமைதி. காற்றோட்டத்துக்குத் துளையிட்ட பெரிய அட்டைப்பெட்டி அல்லது கூடையை, வீட்டின் ஆள்நடமாட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். அடியில் பழைய துணியோ உலர்ந்த வைக்கோலோ போடுங்கள். பூசணம் பிடித்த வைக்கோல் வேண்டாம். அந்தப் பூசணம் வாத்தின் நுரையீரலைப் பிடித்துவிடும். மூன்று பக்கம் மறைப்பு, ஒரு பக்கம் அரை வெளிச்சம். மழைக்காலக் குளிர் இருந்தால் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் 40 வாட் குண்டு பல்பைத் துணியில் படாதபடி தொங்கவிடுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். கோடையில் பல்பே தேவையில்லை.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். அலகும் மூக்குத்துளையும் முழுகும் ஆழம் வேண்டும், ஏனென்றால் வாத்து தண்ணீரில் மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்ளும். இரையை விழுங்கவும் அதற்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் குடிக்கவில்லை என்று வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழல் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய நீர் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தைத் தண்ணீரில் மெல்லத் தொட்டுக் காட்டினால் போதும். நாம் கவனித்த வாத்துக்கு, மருத்துவர் முதல் நாள் மட்டும் உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒரு கிண்ணத்தில் வைக்கச் சொன்னார். பக்கத்திலேயே சாதாரணத் தண்ணீரும் இருந்தது.

இரையாக, வேகவைத்துக் குழைத்த அரிசிக் குருணையும் தவிடும் சேர்த்து ஈரமாக வையுங்கள். அவித்த பச்சைப் பட்டாணி, நறுக்கிய கீரை, அசோலா, மண்புழு, நத்தை ஆகியவற்றில் எதை விரும்புகிறதோ அதைக் கொடுங்கள். வாத்துக்கு நியாசின் என்ற பி வைட்டமின் கோழியைவிட அதிகம் தேவை. அது குறைந்தால் கால் வளையும். பட்டாணி அதற்கு நல்லது. மிச்ச பிரியாணி, உப்புப் போட்ட பலகாரம், ரொட்டி வேண்டாம். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு கொடுக்கவே கூடாது. அதில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சுக்கு வாத்து மற்றப் பறவைகளைவிட எளிதில் பலியாகும்.

காயத்தைக் காலையும் மாலையும் பாருங்கள். ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். கொசுவலைத் துணியால் பெட்டியை மூடுங்கள். காயம் ஆறும்வரை நீந்த விடாதீர்கள். தினமும் காலையில் ஒரு பையில் வைத்து எடை பாருங்கள். நிறுக்கும்போது சத்தம் வேண்டாம். எடை தொடர்ந்து இறங்கினாலோ, 24 மணி நேரம் எதுவும் சாப்பிடாவிட்டாலோ, கழுத்து சாய்ந்தாலோ, நிற்க முடியாவிட்டாலோ மறுபடி மருத்துவரிடம் போங்கள்.

இந்த மூன்று நாட்களும் அன்பு மிகுதியால் தூக்கிக் கொஞ்சுவதைத் தவிருங்கள். நமக்குக் கொஞ்சல், அதற்குப் பிடிபடுதல். அதுவாக வரும்வரை காத்திருப்பதும் ஒரு ஸப்ருதான்.

அடுத்த வாரங்கள்

உடல் தேறத் தொடங்கியபின் மனம் தேற வேண்டும். இதற்கு நேரம் தவறாமைதான் பெரிய மருந்து. ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே கிண்ணம், ஒரே குரல். அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: நேராக முகம் பார்த்துப் போகாதே, பக்கவாட்டில் போ. நின்றபடி குனியாதே, தரையில் உட்கார். கிண்ணத்தை வைத்துவிட்டு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து உன் பாடத்தை மெல்லப் படி. அவன் தினமும் மக்ரிபுக்கு முன் அரை மணி நேரம் அப்படி உட்கார்ந்து, மதரஸாவில் கொடுத்த ஸூராவை ஓதிக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் அவன் இருக்கும்போதே வாத்து இரை எடுத்தது. பன்னிரண்டாம் நாள் அவன் கையிலிருந்து பட்டாணியை எடுத்தது.

தேறுகிறது என்பதற்கு முதல் அடையாளம் இறகு கோதுதல். வாலின் அடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து இறகில் பூசிக்கொள்ளும். அதைச் செய்யத் தொடங்கிய பிறகே அகலத் தொட்டியில் இறக்க வேண்டும். கோதாத வாத்தை நீரில் விட்டால் நனைந்து குளிரில் விறைத்துவிடும். பிறகு வாலாட்டுதல், ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுத்தல், குரல் கொடுத்தல் ஒவ்வொன்றாகத் திரும்பும். வாத்தில் உரக்கக் கத்துவது பெட்டைதான், ஆணின் குரல் கரகரப்பாக அடங்கி இருக்கும். பெட்டை மறுபடி கத்துகிறது என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். அது நல்ல செய்தி.

தாக்குதல் நடந்த அதே இடத்திற்கு இழுத்துப் போய்ப் பயத்தைத் தெளிய வைக்க முயலாதீர்கள். கூட்டை வேறு மூலைக்கு மாற்றுங்கள். வெளியே விடுவதைப் பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். முழு இருட்டில் வாத்துகள் சிறு சத்தத்துக்கும் வெருண்டு ஒன்றின்மேல் ஒன்று விழும். கூட்டருகே ஒரு மங்கலான இரவு விளக்கு எரிந்தால் அது குறையும்.

கூடு உறுதியாக இருக்க வேண்டும். கோழிவலையை நாய் கடித்துக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டட் மெஷ், மேலும் கீழும் தாழ்ப்பாள், தோண்டி நுழையாதபடி ஓரத்தில் பதித்த செங்கல் இவை போதும். ஒரு வாத்துக்கு நான்கு சதுர அடி இடம் கொடுங்கள். மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் உள்ளே அடைத்து, ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து திறப்பது என்று வைத்துக்கொண்டால் நேரம் தவறாது.

துணை

தனி வாத்துக்குத் துணை வேண்டும். ஆனால் அன்றே சந்தையில் வாங்கி உள்ளே தள்ளிவிடக் கூடாது. புது வாத்து வாத்து பிளேக் போன்ற நோயைக் கொண்டுவரலாம். குறைந்தது இரண்டு வாரம் தனி இடத்தில் வைத்துக் கவனிக்க வேண்டும். நம் மஹல்லாவில் பக்கத்துத் தெருச் சகோதரி ஒருவர், சாதுவான ஒரு பெட்டை வாத்தைத் தருவதாகச் சொன்னார். அவர் கொல்லையிலேயே அதைத் தனியாக வைத்துக் கவனித்தோம். அதுவரை இங்கே வாத்தின் கூட்டருகே ஒரு பழைய கண்ணாடியைச் சாய்த்து வைத்தார்கள். அதன் அருகிலேயே அது படுத்துக்கொண்டது. மூன்று வாரம் கழிந்து புதுத் துணை வந்தது. முதல் ஒரு வாரம் நடுவில் வலை. ஒன்றையொன்று பார்த்தன, ஒரே நேரத்தில் இரை எடுத்தன. பிறகு வலையை எடுத்தோம். அன்று இரவுதான் அது கழுத்தை முதுகில் செருகிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியதாக அந்த வீட்டு உம்மா சொன்னார்.

இன்றும் அது சற்று நொண்டுகிறது. முட்டை இன்னும் திரும்பவில்லை. நாய் குரைத்தால் கூட்டுக்குள் ஓடிவிடுகிறது. முழுவதும் பழையபடி ஆகும் என்று வாக்குக் கொடுக்க நம்மால் இயலாது. ஆனால் சாப்பிடுகிறது, கோதுகிறது, கத்துகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளையின் மனம்

தாய்மார்களே, இந்தப் பகுதி உங்களுக்கும் வாப்பாமார்களுக்கும் உரியது. பிராணி இறந்தாலோ அடிபட்டாலோ பிள்ளை அழும். "ஒரு வாத்துக்கா இப்படி அழுகிறாய்?" என்று கேட்காதீர்கள். "இன்னொன்று வாங்கித் தருகிறேன்" என்று உடனே சொல்லாதீர்கள். அழட்டும். இறந்ததை ஓடிப்போய்விட்டது என்று பொய் சொல்ல வேண்டாம். உண்மையை மெல்லச் சொல்லி, புதைக்கும்போது உடன் நிற்க விரும்பினால் நிற்க விடுங்கள். பிழைத்ததைப் பராமரிப்பதில் ஒரு சிறு பொறுப்பைக் கொடுங்கள். தண்ணீர் மாற்றுவது, எடையைக் குறிப்பேட்டில் எழுதுவது போதும். அந்தப் பையன் எடையைத் தேதி போட்டு எழுதி வந்தான். வெளிநாட்டில் இருக்கும் வாப்பா தினமும் தொலைபேசியில் முதலில் கேட்டது அந்த எடையைத்தான். முதல் வாரம் முடிவதற்குள் பையனும் சாப்பிடத் தொடங்கினான். நாம் மருத்துவ உதவியாக அவனுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க நேரவில்லை.

எல்லாப் பிள்ளையும் இப்படித் தேறும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் தடைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சுத்தமும் அவசியம். வாத்தின் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தமிடுவதும், சமையலறைக்குள் விடுவதும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கையில் கொடுப்பதும் வேண்டாம். பல வாத்துகள் திடீரென்று செத்தால் அது மிரட்சியல்ல, பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். 2014-இலும் 2024-இலும் கேரளத்தின் ஆலப்புழைப் பகுதி வாத்துகளில் அது பரவியதை அறிவீர்கள். செத்ததைத் தொடாமல், அறுக்காமல், உடனே கால்நடை பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

சில கேள்விகளுக்குப் பதில்

ஒரு பெரியவர் கேட்டார்: "மனிதர்களுக்கே உதவி போதாதபோது வாத்துக்கு அறக்கட்டளைப் பணமா?" நியாயமான கேள்வி. ஜகாத் நிதி அதற்குரிய எட்டு வகையினருக்கே உரியது. அதிலிருந்து ஒரு காசும் எடுக்கவில்லை. மருந்துக்கும் வலைக்கும் ஆன 1,140 ரூபாயை, விவரம் சொல்லிக் கேட்டபோது ஒரு சகோதரர் பொது ஸதகாவாகத் தந்தார். கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

மருந்து கொடுத்த வாத்தின் முட்டையைச் சாப்பிடலாமா என்று ஒரு சகோதரி கேட்டார். கிருமிக்கொல்லி மருந்து முட்டையிலும் இறைச்சியிலும் சில நாட்கள் தங்கும். எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதை மருந்து கொடுத்த மருத்துவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லா வைத்தியமும் செய்தும் பிழைக்காது, வேதனை மட்டுமே நீள்கிறது என்றால் என்ன செய்வது? மருத்துவரின் கருத்தைக் கேட்டு, நம் இமாம் அவர்களிடம் மார்க்கத் தீர்ப்பைக் கேட்டுச் செய்யுங்கள். பிள்ளைக்கு மறைக்காமல் சொல்லுங்கள். காப்பாற்ற முயன்றோம் என்பதே அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும்.

கோபத்தில் நாய்களுக்கு விஷம் வைக்கலாம் என்று ஓர் இளைஞர் சொன்னார். கூடவே கூடாது. அதுவும் உயிர்தான், பசிக்கு வந்தது. விஷம் வைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்த விஷம் நம் பிள்ளை கையிலும் படலாம். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. அதற்கான மனுவை ஜமாஅத் சார்பில் எழுதி வைத்திருக்கிறோம். இன்று கலைந்து செல்லும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுச் செல்லுங்கள். இறைச்சிக் கழிவைத் தெருமுனையில் கொட்டுவதை நாம் நிறுத்தினாலே நாய்க்கூட்டம் குறையும். இது நம் கையில் இருக்கிறது.

அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அதில் துண்டு, கட்டுத்துணி, பொவிடோன் அயோடின், இரவு விளக்கு, எடை பார்க்கும் கருவி, ஒரு கண்ணாடி இருக்கும். தேவைப்படுபவர்கள் எந்த நேரமும் வாங்கிச் சென்று, வேலை முடிந்ததும் கழுவித் திருப்பித் தரலாம். கூட்டுக்கு வலை அடிக்க வசதியில்லாத குடும்பங்கள், குறிப்பாக வாத்து முட்டையை விற்றுக் குடும்பம் நடத்தும் சகோதரிகள், பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ் அடுத்த மழைக்கு முன் முடித்துக் கொடுப்போம்.

வாயில்லாத ஜீவன்களின் அச்சத்தையும், வாயிருந்தும் சொல்லத் தெரியாத பிள்ளைகளின் துக்கத்தையும் உணரும் இதயத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. நம் கொல்லைகளையும் குடும்பங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.